காலையில் இறங்குது, சாயங்காலம் ஏறுது

கிண்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜூன் மாதத்தில் காலையில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விமானங்கள் இறங்குகின்றன. சாயங்காலம் பார்த்தால் அதே வழியில் ஏறுகின்றன. இது யார் போடும் டைம்டேபிள்?"

காற்று போடுகிறது.

சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது; கிண்டி அதன் கிழக்குப் பக்கம். கிழக்கு பார்த்து ஓடினால் அதன் பெயர் 07, அதாவது திசைமானியில் 70 டிகிரி. மேற்கு பார்த்தால் 25. இறக்கைக்குத் தேவை தரை வேகமல்ல, காற்று வேகம். மணிக்கு 250 கி.மீ. காற்று வேகத்தில் இறங்கும் விமானம், எதிர்காற்று 20 இருந்தால் 230-ல் தரையைத் தொடும். அதே காற்று பின்னால் வந்தால் 270-ல். வித்தியாசம் 40 தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்குப் போகிறது. பிரேக் தின்ன வேண்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும்.

ஜூனில் காலையில் வீசுவது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இறங்கினாலும் ஏறினாலும் விமானம் காற்றுக்கு முகம் கொடுத்தே ஓடும். ஆக 25 கோடைக்கான பாதை, 07 கொண்டலுக்கான பாதை.

போன ஞாயிறு அக்கா மகனோடு பரங்கிமலை ஏறினேன். மூன்று மணி வெயில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விமானங்கள் கிண்டிப் பக்கமிருந்து வந்து, மலைக்குப் பக்கவாட்டில் தாழ்ந்து, சக்கரம் தொட்ட இடத்தில் ஒரு கொத்துப் புகை விட்டன. மூன்றே முக்கால் இருக்கும், ஒரு பருந்து இறக்கையை அசைக்காமலே மேலே மேலே போனது. அடுத்த நிமிடம் கழுத்தில் சில்லென்று பட்டது.

கடற்காற்றின் கதை பள்ளியில் படித்ததுதான்: தரை சீக்கிரம் சூடாகும், கடல் ஆகாது. ஆனால் அது எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மெல்ல மெல்லக் கூடுவதில்லை; சிமெண்டுத் தரையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் ஒரு விளிம்போடு ஓடுமே, அப்படி வருகிறது. குளிர்ந்த, கனமான காற்று, சூடான காற்றின் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. பருந்துக்குக் கிடைத்த இலவச லிஃப்ட் அதுதான். சின்னப் பூச்சிகளுக்கு அவ்வளவு உயரம் ஆகாது. மேலே தூக்கப்படாமலிருக்க அவை கீழ்நோக்கிப் பறக்க, பக்கங்களிலிருந்து இன்னும் பூச்சிகள் வந்து சேர, விளிம்பு நெடுக ஒரு பூச்சி வரிசை உருவாகிவிடும். டாப்ளர் ரேடாரில் கடற்காற்று மெல்லிய கோடாக நகர்வது தெரிகிறதென்றால் அதில் இந்தப் பூச்சிகளுக்கும் பங்குண்டு. வாசலை எந்தப் பக்கம் வைப்பதென்று வாஸ்துக்காரருக்கு அள்ளிக் கொடுக்கும் ஊரில், திசையை நிஜமாகவே அளக்கும் இந்த மாதிரிக் கருவிகளுக்கு இன்னும் நாலு காசு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

கடற்கரையிலிருந்து விமான நிலையம் சுமார் 10 கி.மீ. மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் இந்த விளிம்பு திணறித் திணறித்தான் உள்ளே வரும். மே மாதச் செய்தியில் கடலுக்கு இன்னும் கிட்டே இருக்கும் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் வெயில் கூடுதல் என்கிறார்களே, அதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

காற்று திரும்பியவுடனே பாதையை மாற்றிவிட மாட்டார்கள். லேசான பின்காற்றை விமானம் தாங்கும். வரிசையில் வந்துகொண்டிருப்பவற்றையும் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் வானத்தில் ஒன்றுமே இல்லை. பையன் போனில் விமானங்கள் போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இது நம்மளத் தாண்டி பம்மல் பக்கம் போய்ச் சுத்துது!" பம்மல் ஓடுபாதைக்கு மேற்கே. அப்புறம் ஓடுபாதையின் அந்தக் கோடியிலிருந்து ஒன்று எங்களை நோக்கி ஓடி வந்து எழும்பியது. சக்கரங்கள் வயிற்றுக்குள் மடங்குவது கூடத் தெரிந்தது.

வாசகிக்கு ஒரு யோசனை: மாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். அது மேற்கே திரும்பினால் விமானமும் சற்று நேரத்தில் திரும்பும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு இந்த விளையாட்டு அநேகமாக இருக்காது. உங்கள் மாடிக்கு மேலே விமானங்கள் நாள் முழுக்க ஏறிக்கொண்டேதான் இருக்கும்.