சி.எஸ்.ஆர்.: பொறுப்பா, கடப்பாடா?

ஏரியைத் தூர்வாரும் ஊர்க்குழுவினரும், பள்ளிகளில் இயற்கை முகாம் நடத்துவோரும், கடலாமை முட்டைகளைக் காப்போரும் இன்று அன்றாடம் புழங்கும் சொல் ‘சி.எஸ்.ஆர். நிதி’. ‘கார்ப்பரேட் சோசியல் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்பதன் சுருக்கமான இதைத் தமிழில் பெரும்பாலும் ‘பெருநிறுவன சமூகப் பொறுப்பு’ என்று எழுதுகிறோம். பிழையில்லாத மொழிபெயர்ப்புதான்; ஆனால் இதனினும் பொருத்தமான சொல் நம்மிடம் உண்டு.

‘கார்ப்பரேட்’ என்பதன் வேர் உடலைக் குறிக்கும் ‘கார்புஸ்’ என்னும் இலத்தீன் சொல். பலர் கூடி, சட்டத்தின் முன் ஓருடலாக நிற்பது என்பது அதன் பொருள். ‘ரெஸ்பான்சிபிலிட்டி’, உறுதிமொழி தருதலைக் குறிக்கும் ‘ஸ்பான்டேரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘ஸ்பான்சர்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. சமூகப் பொறுப்பு என்னும் கருத்தை அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953இல் தனி நூலாகவே எழுதி நிலைநிறுத்தினார்.

இந்தியாவில் இச்சொல்லுக்குச் சட்ட வடிவம் தந்தது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்கிறது அப்பிரிவு. கல்வியும், சூழல் சமநிலையும், காட்டுயிர்ப் பாதுகாப்பும், இந்நிதியைச் செலவிடத் தகுந்த பணிகளைப் பட்டியலிடும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெறுகின்றன. தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 முதல், செலவிடாத தொகையைத் தனிக்கணக்குக்கோ அரசு குறித்த நிதியங்களுக்கோ மாற்றியாக வேண்டும். அன்றே இது விருப்பம் என்ற நிலையிலிருந்து கடன் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இந்த நிதியளிப்போரைப் ‘புரவலர்’ என்று அழைப்பதும் உண்டு. புரத்தல் என்றால் காத்தல், அழகிய சொல். எனினும் புரவலர் என்றவுடனே எதிரே ஓர் இரவலர் வந்து நிற்கிறார், மக்கள் பங்கேற்கும் பாதுகாப்புப் பணியிலோ இரவலர் என்று எவரும் இல்லை. குஜராத் கடற்கரையில் 2004இல் டாடா கெமிக்கல்ஸ் நிதியுடன், இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் அம்மாநில வனத்துறையும் தொடங்கிய திமிங்கலச் சுறாப் பாதுகாப்பை எண்ணிப் பாருங்கள். கல்லீரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்ட அம்மீனை, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளாக எண்ணும்படி சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு மீனவர்களிடம் வேண்டினார். மீனுக்கும் ‘அன்புக்குரியவள்’ எனப் பொருள்படும் ‘வ்ஹாலி’ என்ற பெயர் அமைந்தது. தெருக்கூத்து போன்ற நாடகங்கள் வழியே செய்தி ஊர் ஊராகச் சென்றது. வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கான சுறாக்கள் கடலுக்குத் திரும்பின. வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது என்பது உண்மையே, ஆயினும் கத்தியை எடுத்தது அவர்கள் கை. அவர்களை இரவலர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் சொல் ‘கடப்பாடு’. கடன் என்பது திருப்பித் தர வேண்டியதையும் செய்தே தீர வேண்டியதையும் ஒருங்கே குறிக்கும். கடப்பாடு அதே குடும்பத்துச் சொல். வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தை இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறார்:

“கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு
என்னாற்றுங் கொல்லோ உலகு.”

மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்? அதுபோலக் கடப்பாடும் கைம்மாறு எதிர்பாராதது. இன்றைய விதிகளும் இதனோடு ஒத்துப்போவது வியப்பளிக்கிறது: தன் பொருளுக்கு விளம்பரம் தேடி அளிக்கும் ஆதரவும், பிற சட்டங்களின்படி எப்படியும் செய்தாக வேண்டிய பணிகளும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேரா. ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது சட்டக் கட்டாயம் என்பதால் அச்செலவை இதில் காட்ட முடியாது.

‘சமூகம்’ வடசொல் என்று ‘குமுகாயம்’ எழுதுவோரும் உளர். வழக்கில் வேரூன்றிய சொல்லை நான் மாற்றவில்லை. ‘நிறுவனச் சமூகக் கடப்பாடு’ என்பது முழுவடிவம். பணத்தைக் குறிக்க ‘கடப்பாட்டு நிதி’ போதும். பள்ளியின் இயற்கை முகாம் இந்த நிதியில் நடந்தால், ‘இன்ன நிறுவனத்தின் நன்கொடையில்’ என்று எழுதாமல், ‘இன்ன நிறுவனத்தின் கடப்பாட்டு நிதியில்’ என்று எழுதுவதே சரி.