சுவரில் தொங்கும் நெடுந்துப்பாக்கியை இறக்குவதற்கு முன்

மரக்கோலைக் குழலின் வாய் வழியாக மெல்ல இறக்கினேன். அது அடியைத் தொட்டதும் குழல் வாயோரத்தில் கோலின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து, அந்தக் கோடு வாயோடு பொருந்துமாறு குழலின் மேல் நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். கோலின் முனை குழலின் அடிப்பகுதிவரை வந்திருக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு அங்குலம் முன்னதாகவே நின்றிருந்தது. துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் அதைப் போர்வையில் சுற்றி, காரின் பின்புறம் பேரக்குழந்தையின் இருக்கைக்குப் பக்கத்தில் கிடத்தி எடுத்து வந்திருந்தார். தாத்தா காலத்திலேயே அது செத்துப்போன துப்பாக்கி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். குழலுக்குள் ஈயக் குண்டும் அதன் பின்னால் கரிமருந்தும் அப்படியே இருந்தன.

கிழக்கு டென்னசியில் பழைய இரும்புப் பொருள்களைப் பாதுகாத்துக் கொடுப்பது என் தொழில். அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில், குறிப்பாக டென்னசி, வட கரோலைனா மலைச்சரிவுகளில், கொல்லர்கள் கையால் செய்த நெடுங்குழல் துப்பாக்கிகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றுக்கு நேரும் பெருஞ்சேதங்களில் பெரும்பாலானவை நூறு, நூற்றைம்பது ஆண்டு மழையிலும் புகையிலும் நேர்ந்தவை அல்ல. புதிய உரிமையாளரின் கைக்கு வந்த முதல் வாரத்தில் நேர்ந்தவை.

நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் இவையும் ஒரே முறையில் இயங்குபவை: வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் கெட்டித்து வைக்க வேண்டும். வேட்டைக்குப் போனவர் எதையும் சுடாமல் வீடு திரும்பினால், கெட்டித்ததை வெளியே எடுப்பது தொல்லை என்பதால் அப்படியே சுவரில் மாட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையான கரிமருந்து, ஈரம் படாதவரை எத்தனை தலைமுறை ஆனாலும் வலுவிழப்பதில்லை. 2008 ஆம் ஆண்டு விர்ஜீனியாவில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமிக்க சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து உயிரிழந்தார். குண்டுக்கு அப்போது ஏறத்தாழ 140 வயது.

ஆகவே எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும், யார் என்ன உறுதி சொன்னாலும், முதல் வேலை, தொடக்கத்தில் சொன்ன கோல் சோதனைதான். குழல் வாய்க்கு நேரே முகமோ கையோ இல்லாதபடி ஒதுங்கி நின்று, உலோகக் கம்பியைத் தவிர்த்து மரக்கோலால் இதைச் செய்ய வேண்டும். விசையை இழுத்ததும் குதிரை என்னும் சுத்தியல் விழும் இடத்தில், அடிபட்டால் தீப்பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடியான கேப் பழையதாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல், முன்புறமாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளில் தேர்ந்த ஒருவரை வீட்டுக்கு வரவழைப்பதே சரி. உள்ளே மருந்து இருப்பது தெரிந்தால், சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணமும், குழலைச் சூடாக்கிக் கழற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் எழவே கூடாது. நான் அன்று செய்தது மருந்தை முழுக்க நனைத்து, ஒரு நாள் காத்திருந்து, பிறகு குண்டைத் திருகாணி பொருத்திய கோலால் இழுத்தெடுத்ததுதான். எளிதாகத் தெரியும் இந்த வேலையைப் படித்துவிட்டுச் செய்ய முயல வேண்டாம்.

இரண்டாவது ஆபத்து ஆளுக்கு அன்று, பொருளுக்கு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கைகளுக்கு, பழுப்பேறிய இரும்பைக் கண்டால் சும்மா இருக்க முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு துப்பாக்கியின் எண்கோணக் குழல் எவர்சில்வர் குழாய்போல மின்னியது. உரிமையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுழலும் கம்பித் தூரிகையால் உழைத்திருந்தார். குழலின் மேல்முகத்தில் கொல்லரின் பெயரெழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரியும் இரண்டு பள்ளங்கள் எஞ்சியிருந்தன. அவர் தேய்த்து எடுத்தது அழுக்கை மட்டுமல்ல, அந்தப் பொருளின் விலையில் பெரும்பகுதியையும், அதைச் செய்தவர் யார் என்பதற்கு இருந்த ஒரே சான்றையும்தான். வணிகர்கள் பாட்டினா என்று சொல்லும் அந்தக் கரும்பழுப்புப் படலம் நிலைபெற்றுவிட்ட ஒன்று. அது இரும்பை மேலும் தின்பதில்லை. விரலில் செந்தூளாக ஒட்டும் துருதான் கவலைக்குரியது. அதற்கும் மெல்லிய எண்ணெயும் மென்துணியும் பொறுமையும் போதும். அதன்பின் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை மெலிதாகப் பூசினால் ஈரம் அண்டாது.

இந்த மலைத் துப்பாக்கிகளுக்கு இரும்பே அடையாளம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நெடுங்குழல் துப்பாக்கிக் கலை ஜெர்மானியக் கொல்லர்களோடு பென்சில்வேனியாவில் வேரூன்றி, 18 ஆம் நூற்றாண்டில் குடியேறிகளின் வண்டிப்பாதை வழியாக விர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கைக் கடந்து தெற்கே இறங்கியது. வடக்கில் பித்தளையில் செய்த விசையைச் சுற்றியிருக்கும் காப்பையும், தோளில் பதியும் மரக்கட்டையின் அடியில் பொருத்தும் தகட்டையும் தெற்கு மலைக் கொல்லர்கள் பெரும்பாலும் இரும்பிலேயே அடித்தார்கள். பக்கத்து மலை உலைகளில் இரும்பு கிடைத்தது, பித்தளையை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. வட கரோலைனாவின் மில்ஸ் ரிவர் பகுதியில் வாழ்ந்த கில்லெஸ்பி குடும்பத்தார், கிழக்கு டென்னசியின் பீன் குடும்பத்தார் ஆகியோரின் கைவேலைக்கு இன்றும் தேடுவோர் அதிகம்.

வடக்கத்தியத் துப்பாக்கியில் செதுக்கிய பித்தளை மூடியுடன் ஒரு பெட்டி இருக்கும் இடத்தில், பல மலைத் துப்பாக்கிகளில் கட்டையின் வலப்பக்கம் வெறுமனே ஒரு வட்டக் குழி மட்டும் இருக்கும். குண்டைப் பொதியும் துணிக்குக் கொழுப்பு எடுக்கும் குழி அது. அதை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அடியில் மெழுகுபோல் இறுகிய பழைய கொழுப்பும், ஒரே விரல் ஆண்டுக்கணக்கில் வழித்ததால் ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதும் தெரியும். அழுக்கு என்று நினைத்து இதைச் சுரண்டி, வார்னிஷ் அடித்துக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அடுக்காத ஒன்று உண்டென்றால் இதுதான்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க வேண்டியவை வேறு. குதிரையைத் தாங்கும் விசையமைப்பின் தகட்டில் பொறித்த பெயரைக் கொல்லரின் பெயர் என்று எண்ணிப் பலர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அந்த அமைப்பைக் கடையில் வாங்கிப் பொருத்துவது பரவலான வழக்கம் என்பதால், அது பெரும்பாலும் அதைத் தயாரித்தவர் அல்லது விற்ற வணிகரின் பெயராகவே இருக்கும். செய்தவர் பெயர் இருந்தால் குழலின் மேல்முகத்தில் இருக்கும். பொறிப்பின் பள்ளத்துக்குள் சுற்றியுள்ள பரப்பின் அதே பழுப்பு இல்லாமல் விளிம்பு கூராக இருந்தால், எழுத்து நேற்று வெட்டியதாக இருக்கக்கூடும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளுக்கு மதிப்பு அதிகம் என்பதால், கேப் முறைக்கு மாற்றியதைத் திரும்பக் கல் முறைக்கு மாற்றி விற்போரும் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1780 அக்டோபர் 7 அன்று மலைப்பகுதிக் குடியேறிகள் போரிட்ட கிங்ஸ் மவுண்டன் போரில் இருந்தது என்று சொல்லி நீட்டப்படும் துப்பாக்கிகள் அத்தனையும் மெய்யென்றால், அந்த மலையில் நிற்கவே இடம் இருந்திருக்காது. எஞ்சியிருக்கும், இரும்பு உறுப்புகள் பொருத்திய மலைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கூட்டரசின் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றைத் தொன்மை ஆயுதங்களாகக் கருதுகிறது. மாநில விதிகள் வேறுபடும். தாய்நாட்டுக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் அந்நாட்டுச் சட்டத்தைத் தனியாக விசாரித்தாக வேண்டும்.

போர்வையில் வந்த துப்பாக்கியின் கட்டை மெலிந்து கைப்பிடியாகும் கழுத்துப் பகுதி எப்போதோ உடைந்து, தகரத் துண்டும் சிறு ஆணிகளும் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிய மரம் வைக்க முடியுமா என்று உரிமையாளர் கேட்டார். தகரத்தை அடித்தவர் யார் என்று கேட்டேன். தாத்தாவின் அண்ணன், கோதுமை அறுவடைக் காலத்தில், களஞ்சியத்தில் வைத்து என்றார். அதையே அவர் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கினேன். தகரத்தைத் தொடவில்லை. வெளியே எடுத்த குண்டை ஒரு சிறு துணிப்பையில் போட்டு, அந்தத் தாளோடு அவரிடம் கொடுத்தேன். கணப்பின் மேல் மீண்டும் மாட்ட வேண்டாம், வெப்பத்தில் கட்டை விரிசல் விடும், உட்சுவரில் மாட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.