செக்சம் பொருந்தவில்லையா? எண்ணை மாற்றாதீர்கள், கோப்பைத் திறந்து பாருங்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி, மென்பொருளை நிறுவத் தயாரான பொதியாக்கும் பேக்கேஜிங் வேலையைப் பழகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறோம்.

மூலக்கோப்பு இறங்கியதும் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், பொருந்தவில்லை என்று வந்தால், பலர் வந்த கோப்புக்கே புது எண்ணை எழுதிவிடுகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பில் மேக் மேக்சம் என்று அடித்தால் போதும், பிழைச்செய்தி மறைந்துவிடும். தப்பான கோப்பு உள்ளே உட்கார்ந்துவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

முதலில் கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளையை ஓட்டுங்கள். பெயர் டார் ஜிஇசட் என்று முடியும், பதிலோ ஹெச்டிஎம்எல் என்று வரும். திறந்தால் 'இங்கே எதுவும் இல்லை' என்னும் 404 பக்கம்! கோப்பை இறக்கும் கர்ல் கருவி சும்மா ஓடினால் பிழைப்பக்கத்தையும் கோப்பாகச் சேமித்து, வெற்றி என்று 0 தந்துவிடும். சின்ன எஃப் தெரிவைச் சேர்த்தால் பிழை என்று 22 தந்து நிற்கும். பெரிய எல் சேர்த்தால் இடம் மாறிய முகவரியைப் பின்தொடரும். ஆனால் பழைய ஹெச்டிடிபி முகவரியில் வைஃபை லாகின் பக்கம் குறுக்கே வந்தால் சின்ன எஃப் பிடிக்காது. அங்கே ஃபைல் கட்டளைதான் துணை.

404 என்றால் முகவரி மாறியிருக்கும். டெபியனில் புதுப் பதிப்பைத் தேடும் யூஸ்கேன் கருவியை வெர்போஸ் சேர்த்து ஓட்டினால் எந்தெந்த இணைப்புகள் பொருந்தின என்று காட்டும். நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் ரிலீசஸ் பக்கத்தில் கோப்புப் பட்டியல் ஸ்கிரிப்ட் மூலம் பிறகுதான் வருகிறது, யூஸ்கேனுக்கு அது தெரியாது. எங்கே தேட வேண்டும் என்று யூஸ்கேனுக்குச் சொல்லும் வாட்ச் கோப்பை, பதிப்புக் குறிகள் இருக்கும் டேக்ஸ் பக்கத்துக்குத் திருப்புங்கள்.

கோப்பு ஜிஜிப்பால் சுருக்கப்பட்டதுதான், ஆனால் ஜிஜிப் சின்ன டி சோதனை பாதியில் முடிந்துவிட்டது என்கிறதா? ஹாட்ஸ்பாட் அறுந்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாதிக் கோப்பு ஹெச்டிஎம்எல்லாக இருந்தால் மட்டும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் அதன் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தளத்தின் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று கர்ல் 60 தந்தால் டேட் கட்டளையில் நேரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும், சான்றிதழ் செல்லாது. சரிபார்ப்பையே அணைக்கும் சின்ன கே வேண்டாம்.

எல்லாம் சரி, செக்சம் மட்டும் வேறு என்றால்? 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தானாக உருவாக்கும் கோப்புகளுக்கு இப்படி ஆனது. நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி சுருக்கும் முறை மாறியதே காரணம், உள்ளடக்கம் மாறவில்லை. அன்றே பழைய முறைக்குத் திரும்பினார்கள். பழையதையும் புதியதையும் தனித்தனியே விரித்து, ஒப்பிடும் டிஃப் கட்டளையைச் சின்ன ஆர் சேர்த்துப் போட்டால் இது தெரிந்துவிடும். வேறுபாடு இருந்தால் எழுதியவர்களிடம் கேளுங்கள், பதில் வரும்வரை பேக்கேஜை வெளியிடாதீர்கள்.

செக்சம் பொருந்தினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது; கிட் களஞ்சியத்தில் இல்லாத, அதை உள்ளே விடும் எம்4 ஸ்கிரிப்ட் வரிகள் டார் கோப்புக்குள் இருந்தன. கையொப்பமும் சரியாகவே இருந்தது. அதனால் டார் கோப்பை விரித்து, அதே பதிப்பின் கிட் டேக்கோடு ஒப்பிடுங்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் போல கருவிகளால் உருவாக்கப்பட்ட கோப்புகள் கூடுதலாக இருக்கும். அவற்றை, கிட் டேக்கின் கோப்புகளிலிருந்தே நம் கணினியில் ஆட்டோரீகான்ஃப் கட்டளை கொண்டு மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.