பழைய டீசல் காரும் ஒரு குமிழிக் காற்றும்

இரவு நிறுத்தும்போது வண்டி நன்றாகத்தான் இருந்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் பட்டென்று ஸ்டார்ட் ஆகும். நாலைந்து நொடி ஓடும், குலுங்கும், அணைந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் தீரும். பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. மெக்கானிக்கிடம் சொன்னால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "ஏர் எடுக்குது" என்பார், அதாவது டீசல் குழாய்க்குள் காற்று புகுகிறது. பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

ஒரு குமிழிக் காற்று எப்படி ஒரு எஞ்சினையே நிறுத்துகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், பழைய டீசலில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பழையது என்று இங்கே நான் சொல்வது, முழுக்க இயந்திர பம்பால் எரிபொருள் செலுத்தப்படும் வண்டிகளை. 1997-இல் காமன் ரெயில் முறை, அதாவது எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் வைத்திருந்து தூவும் முறை, கார்களுக்கு வந்தது. அந்த வண்டிகளுக்கு இங்கே சொல்லும் வேலைகளில் சில பொருந்தாது, ஒன்றிரண்டு ஆபத்தானவையும்கூட.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்றை இழுத்து, பிஸ்டனால் அதை நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே சங்கதிதான். அளவுதான் வேறு. பழைய டீசல் கார்கள் பலவற்றில் சுருக்க விகிதம் 22-க்கு 1 வாக்கில் இருக்கும். 2 லிட்டர், 4 சிலிண்டர் எஞ்சின் என்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று சுமார் 24 மில்லிலிட்டர் இடத்துக்குள் திணிக்கப்படுகிறது. வெப்பம் எங்கும் வெளியேறாது என்று வைத்துக் கணக்குப் போட்டால் காற்று 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிஜத்தில் சிலிண்டர் சுவர்கள் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கொஞ்சம் காற்றும் கசியும். ஆனாலும் டீசல் தானாகப் பற்ற 250 டிகிரியை ஒட்டிய வெப்பமே போதும் என்பதால் கவலையில்லை.

இந்த யோசனையை எஞ்சினாக ஓட்டிக் காட்டியவர் ருடால்ஃப் டீசல். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த சோதனையில் அவரது எஞ்சினின் திறன் சுமார் 26 சதவீதம். அன்றைய சாதாரண நீராவி எஞ்சின்கள் 10 சதவீதத்தை ஒட்டியே நின்றன. ஆனால் அவர் எரிபொருளை உள்ளே அனுப்பியது அழுத்தப்பட்ட காற்றால் ஊதித்தான். அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும், அதை ஒரு காருக்குள் வைக்க இடம் ஏது? 1927-இல் பாஷ் நிறுவனம், காற்றின் உதவியில்லாமல் டீசலையே அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் சிறியதானது. 1936-இல் டீசல் எஞ்சின் பொருத்திய மெர்சிடிஸ் 260 டி கார் வந்தது.

நம் குமிழி மாட்டிக்கொள்வது இந்த பம்பில்தான். பம்ப் ஒரு தடவைக்கு அனுப்பும் டீசல், எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போதுகூட ஒரு சொட்டுக்குள் அடங்கிவிடும். அந்தத் துளியூண்டு டீசலைக் கிட்டத்தட்ட 120 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலச் சுமார் 120 மடங்கு) அழுத்தத்துக்குத் தள்ளினால்தான், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்குள் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் ஊசி மேலெழும்பி வழிவிடும். டீசல் திரவம் என்பதால் அந்த அழுத்தத்தில் 1 சதவீதம்கூடச் சுருங்காது. பம்ப் தள்ளுவது அப்படியே நாசில்வரை போய்ச் சேரும். நடுவே காற்று இருந்தால்? பம்பின் தள்ளல் முழுவதும் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பம்ப் பின்வாங்கும்போது குமிழி மறுபடி விரியும். ஊசி அசையவே அசையாது. சிலிண்டருக்குள் எஞ்சினை ஓட வைக்கிற அதே சுருங்கும் குணம், குழாய்க்குள் வந்தால் எஞ்சினை நிறுத்திவிடுகிறது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பது இதைவிடச் சுவாரசியம். ரோட்டரி பம்ப் (சுழன்றபடி எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கிடும் வகை) உள்ள பல கார்களில் டேங்க் பக்கம் தனி பம்ப் கிடையாது. முன்னால் இருக்கும் பம்பே டீசலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டேங்கிலிருந்து பம்ப்வரை உள்ள குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரமே இல்லாத கசிவு! தரையில் கறை இல்லை, குழாயைத் தடவினாலும் கையில் எண்ணெய் ஒட்டாது. வண்டி நிற்கும்போது அந்த வெடிப்பு வழியாகக் காற்று நுழைய, குழாயில் இருந்த டீசல் இரவெல்லாம் மெல்ல டேங்குக்குத் திரும்பிவிடும். பம்புக்குள் மிச்சமிருப்பது நாலைந்து நொடிக்குத்தான் வரும். காலைக் கதையின் காரணம் இதுதான்.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸை மாட்டி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். மணிமணியாகக் குமிழிகள் ஓடினால் விஷயம் முடிந்தது. எந்த இடம் என்று தெரியவில்லையா? ஒரு கேனில் சுத்தமான டீசலை எடுத்து, பம்பின் உறிஞ்சும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் அதற்குள் விட்டு ஓட்டுங்கள். அப்போது சீராக ஓடினால் பம்பின்மேல் பழியில்லை, கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட வழியில். பெரும்பாலும் ஃபில்டர் தலையில் உள்ள ரப்பர் வளையமோ, கிளிப்புக்கு அடியில் காய்ந்துபோன ஹோஸ் முனையோதான் குற்றவாளியாக இருக்கும். புது ஃபில்டர் போட்ட மறுநாள் தொல்லை ஆரம்பித்தால் முதலில் அந்த வளையத்தைப் பாருங்கள்.

உள்ளே புகுந்த ஏரை வெளியேற்றும் வேலைக்கு இரண்டு ஸ்பேனர் போதும். காற்று வெளியேறுவதற்கென்றே உள்ள பிளீட் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் நுரையாக வரும், அப்புறம் நுரையில்லாத டீசல் வரும். அதோடு ஸ்க்ரூவை இறுக்கிவிடலாம். பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாசில்களுக்குப் போகும் குழாய் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, துணியால் மூடி, உதவிக்கு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். முதலில் நட்டோரம் பொசுபொசுவென்று நுரைக்கும், பிறகு விட்டுவிட்டுத் துப்பும். துப்ப ஆரம்பித்த நட்டை உடனே இறுக்கலாம். ஒவ்வொரு முறையும் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் மோட்டாரை ஆறவிடுங்கள்.

நட்டு தளர்த்தும் இதே வேலை நோய் கண்டறியவும் உதவும். எஞ்சின் மிஸ் அடிக்கிறது (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை) என்றால், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி இறுக்குங்கள். தளர்த்தியதும் எஞ்சின் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஆள் அகப்பட்டார். ஆனால் கை பத்திரம். நாசில் முனையிலிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் ஓட வேண்டும். காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், அங்கே ஓடும் எஞ்சினில் எந்த நட்டையும் தொடக்கூடாது.

சரி, ஏர் இல்லை, டீசல் வருகிறது, ஆனாலும் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, சைலன்சரில் பச்சை டீசல் நாற்றத்தோடு வெள்ளைப் புகை. இப்போது குறைவது சூடு. டீசல் தூவப்படுகிறது, பற்றவில்லை, ஆவியாக வெளியேறுகிறது. நான் முதலில் பார்ப்பது பேட்டரியையும் எர்த் ஒயரையும்தான். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நசுக்கப்பட்ட காற்றுக்குத் தன் சூட்டைக் குளிர்ந்த சுவர்களிடம் இழக்கவும், ரிங் ஓரமாக நழுவவும் நேரம் கிடைத்துவிடும். அடுத்து, குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டருக்குள் மின்சாரத்தால் சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக். மேலே உள்ள இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லாம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை. எரியாததை மாற்ற வேண்டும். ஆனால் அதை முரட்டுத்தனமாகக் கழற்றினால் முனை முறிந்து ஹெட்டிலேயே மாட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, துருநீக்கி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுவது நல்லது.

பம்பை மட்டும் பிரிக்காதீர்கள். உள்ளே அழுத்தம் கொடுக்கும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே கோடு போட்டுவிடும். பம்பையும் நாசில் சோதனையையும் அதற்கான சோதனை மேடை (பெஞ்ச்) உள்ளவரிடம் கொடுத்துவிடுவதே லாபம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். ஸ்பார்க் இல்லாத எஞ்சினைச் சாவி நேரடியாக அணைப்பதில்லை, டீசல் வழியைத்தான் அடைக்கிறது. பல கார்களில் பம்பின்மேல் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினாய்டு வால்வு அந்த வேலையைச் செய்யும். அது பழுதானால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது நிற்காது. இதைவிட மோசம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் தேய்ந்தோ ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றியோ, எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து வெறிபிடித்து ஓடுவது. அப்போது சாவியை எடுத்தும் பயனில்லை. கியர் வண்டியில் பிரேக்கை முழுக்க மிதித்து, பெரிய கியரில் போட்டு கிளட்சை விட்டால் நின்றுவிடும். இல்லையென்றால் காற்று உள்ளே போகும் வாயை அடைக்க வேண்டும். அதைக் கையாலோ துணியாலோ அடைக்கக்கூடாது, இழுத்துக்கொள்ளும். தட்டையான பலகைத் துண்டு ஒன்றை முன்னதாகவே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.