குறுகிய கால வாடகையா, தங்கல் வீடா?

சென்ற மாதம் பெரியப்பா ஊரிலிருந்து போன் செய்தார். குரலில் பதற்றம். “ஏம்ப்பா, நியூயார்க்குல குறுகிய கால வாடகைய நிறுத்திட்டாங்களாமே? நம்ம பையன் ஒரு வருஷத்துக்குத்தானே அக்ரிமென்ட் போட்டிருக்கான். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?”

பெரியப்பா முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவர். வாடகை ஒப்பந்தம் என்றால் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஓராண்டைத் தாண்டினால் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், நம் பக்கத்தில் 11 மாதத்துக்கு எழுதி எழுதியே பழகிவிட்டார்கள். அவர் கணக்கில் குறுகிய கால வாடகை என்றால் அந்த 11 மாதம்தான். அப்படிப்பட்டவரே ஒரு தமிழ்ச் செய்தியைப் படித்துவிட்டுத் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்றால் பிழை படித்தவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

செய்தி சொன்னது, ஊருக்கு வந்து போகிறவர்களுக்குச் சில நாள் மட்டும் விடுகிற வீடுகளைப் பற்றி. ஆங்கிலத்தில் இதை ‘ஷார்ட் டெர்ம் ரென்டல்’ என்கிறார்கள். ‘வெகேஷன் ரென்டல்’ என்றும் சொல்வார்கள். ‘ரென்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், மூலம் லத்தீன். திருப்பிக் கொடுப்பது என்பது அடிப்படைப் பொருள். ‘ரென்டல்’ முதலில் வாடகை வருமானத்தைக் குறித்தது. வாடகைக்கு விடப்படும் வீட்டையும் காரையும் குறிக்க ஆரம்பித்தது பின்னால்தான். நம் ‘வாடகை’ வடமொழி ‘பாடக’ வழி வந்தது என்பார்கள், இந்தி ‘பாடா’வும் அதன் உறவு. சரி, வேர் இவ்வளவு போதும்.

இனிதான் விஷயம். ஆங்கில ‘ரென்டல்’ பணத்தையும் குறிக்கும், வீட்டையும் குறிக்கும். தமிழ் ‘வாடகை’ வீட்டைக் குறிக்கவே குறிக்காது. வாடகை ஏறும், பாக்கி நிற்கும், ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். எல்லாம் பணம். ‘நகரத்தில் 10,101 குறுகிய கால வாடகைகள் ரத்து’ என்று எழுதினால், யாரோ பத்தாயிரம் பேருக்கு வாடகையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றுதான் நான் படிப்பேன். அந்த எண் பார்சிலோனாவினுடையது. சுற்றுலாப் பயணிகளுக்கு விட உரிமம் பெற்ற 10,101 வீடுகள் 2024இல் அங்கே இருந்தன. 2028 நவம்பருக்குள் அத்தனை உரிமங்களையும் புதுப்பிக்காமல் விட்டுவிடப் போவதாக மேயர் ஜாவுமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். பத்து ஆண்டுகளில் நகரத்து வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். ஒரே செய்தியில் இரண்டு ‘வாடகை’ வருகிறது பாருங்கள். ஒன்று வீடு, இன்னொன்று பணம். ‘வாடகைகள் அதிகரித்ததால் வாடகை அதிகரித்தது’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

‘விடுமுறை வாடகை’ இதைவிட மோசம். விடுமுறை நாளில் பேருந்துக்காரர்கள் ஏற்றி வாங்குவது மாதிரி ஏதோ கூடுதல் கட்டணம் என்றுதான் தோன்றும். ‘தற்காலிகத் தங்குமிடம்’ என்று இன்னொரு கூட்டம் எழுதுகிறது. மழை வெள்ளத்தில் வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கிறோமே, அதற்கு உரிய சொல் அது. பாயும் சோற்றுப் பொட்டலமும் கண்முன் வருகின்றன. கடற்கரையைப் பார்த்த மூன்று படுக்கையறை ஃபிளாட் வருவதில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரே தவறுதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் ஆங்கிலத்தின் இரண்டு மூன்று சொற்களை எடுத்து ஒவ்வொன்றாக மாற்றி வைக்கிறார். இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பதில்லை. காலம் குறுகியதா நீண்டதா என்பது அளவுகோல், அவ்வளவே. வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா, வருகிறவர்கள் தங்கிவிட்டுப் போகிறார்களா என்பதுதான் கேள்வி. நியூயார்க் மாநிலத்தின் அடுக்குமாடிச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. ஒரே ஆளோ குடும்பமோ தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அது நிலையாகக் குடியிருப்பது. அதற்குக் குறைந்தால் வந்து போவது.

இந்த வேறுபாட்டைச் சொல்ல நமக்குச் சொல் இல்லையா என்ன? ‘மேல் போர்ஷன்ல ஒரு குடும்பத்தைக் குடி வெச்சிருக்கோம்’ என்கிறோம். வாடகைக்கு இருப்பவரைக் குடித்தனக்காரர் என்கிறோம். பால் காய்ச்சிக் குடி போகிறோம். வீட்டு வாடகைக்கே குடிக்கூலி என்று பழைய பெயர் ஒன்று இருந்தது, இப்போது அநேகமாக எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதே நேரத்தில், சித்தப்பா வீட்டில் நாலு நாள் ‘தங்கினோம்’ என்போமே தவிர ‘குடியிருந்தோம்’ என்று யாரும் சொல்ல மாட்டோம். ‘குடி’ ஒரு பக்கம், ‘தங்கல்’ ஒரு பக்கம். நியூயார்க் சட்டம் ஒரு பத்தி எழுதி விளக்குவதைத் தமிழ் இரண்டு வினைச்சொல்லில் வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘குறுகிய கால’ என்று ஏன் தட்டுத்தடுமாற வேண்டும்?

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஜப்பானியர் ‘மின்பாக்கு’ என்கிறார்கள். ‘மின்’ குடிமக்கள், ‘பாக்கு’ இரவு தங்குவது. 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டம் ஆண்டுக்கு 180 நாள் வரை இதற்கு இடம் தருகிறது. ஜெர்மானியர் ‘விடுமுறை வீடு’ என்றே சொல்கிறார்கள், பெயர்ச்சொல் வீடு. பார்சிலோனாவில் பேசும் கட்டலான் மொழியிலும் ‘சுற்றுலாப் பயன்பாட்டு வீடு’தான். ஆங்கிலத்தின் ‘ரென்டல்’ வழியே இவர்களில் யாரும் போகவில்லை.

நான் முதலில் ‘நாள்வாடகை வீடு’ என்று எழுதி வந்தேன். எளிமையான சொல், லாட்ஜிலும் வேன் ஸ்டாண்டிலும் புழங்குகிற சொல். சிங்கப்பூரை நினைத்தபோதுதான் அதன் குறை தெரிந்தது. அங்கே தனியார் வீட்டைக் குறைந்தது தொடர்ந்து 3 மாதத்துக்கு விட வேண்டும். 2017 வரை அது 6 மாதமாக இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால் இப்போதும் 6 மாதம். இரண்டு மாதத்துக்கு மாத வாடகை வாங்கி விட்டாலும் அங்கே குற்றம்தான். அதை எப்படி நாள்வாடகை என்பது? அதனால் இப்போது ‘தங்கல் வீடு’ என்று எழுதுகிறேன். எத்தனை நாளுக்குக் குறைந்தால் தங்கல் என்பதை அந்தந்த ஊர்ச் சட்டம் சொல்லட்டும். விடுகிற செயலுக்கு ‘தங்கலுக்கு விடுதல்’, எதிர்ச்சொல் ‘குடிவைத்தல்’.

‘ஹோம்ஸ்டே’ என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரரும் உள்ளே இருக்கிறார். நியூயார்க்கின் 18ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் அந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. 2023 செப்டம்பர் 5 முதல் அதைக் கறாராக அமல்படுத்துகிறார்கள். 30 நாளுக்குக் குறைவாக விட வேண்டும் என்றால் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், வருகிறவர்கள் 2 பேருக்கு மேல் கூடாது, வீட்டுக்குள் அறைகளைப் பூட்டிப் பிரிக்கவும் கூடாது. ஆக, அங்கே ஹோம்ஸ்டேக்கு இடம் உண்டு. முழு வீட்டையும் சாவியோடு கொடுத்துவிட்டுப் போவதற்குத்தான் இடமில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் சட்டமே புரியாமல் போகும். இதையும் ‘தடை’ என்று தலைப்புப் போடுகிறார்கள். லண்டனில் முழு வீட்டை ஆண்டுக்கு 90 இரவு தங்கலுக்கு விடலாம், ஆம்ஸ்டர்டாமின் பெரும்பகுதியில் 30 இரவு. வரம்பு, கட்டுப்பாடு, பதிவு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் ‘தடை’ என்ற ஒரே சாக்கில் கட்டிப் போட்டால் விவாதம் எப்படி நடக்கும்?

விவாதம் உண்மையானது என்பதால்தான் இவ்வளவு வருத்தப்படுகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு நள்ளிரவில் படியேறும் பெட்டிச் சக்கரத்தின் சத்தம், வாரத்துக்கு வாரம் மாறும் முகங்கள். குடித்தனத்துக்கு வீடு தேடுகிறவருக்கு ஒரு வீடு குறைகிறது. வங்கித் தவணையும் சொத்து வரியும் கட்ட, இருக்கிற ஒரே கூடுதல் வீட்டை நம்பியிருக்கும் ஓய்வு பெற்றவரும் இருக்கிறார். முப்பது வீடு வாங்கிப் போட்டு நடத்தும் நிறுவனமும் இருக்கிறது. இந்தக் கடைசி இருவரையும், இணையத்தில் வீடு பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்களின் மொழி ‘ஹோஸ்ட்’ என்று ஒரே பெயரால் அழைக்கிறது, நம்மவர்கள் அதையும் ‘விருந்தோம்புபவர்’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை, புதிதாக வந்தவர். அவரிடம் காசு வாங்கினால் அது விருந்தோம்பல் ஆகாது. தங்கல் வீட்டை விடுகிறவர் வீட்டுக்காரர், வருகிறவர் தங்குபவர். அவ்வளவு போதும்.

பெரியப்பாவிடம் அன்று இதையேதான் சொன்னேன்: “பையன் அங்கே குடித்தனக்காரன் பெரியப்பா. தங்க வர்றவங்களுக்கு வீட்டை விடறதுக்குத்தான் இந்தச் சட்டம்.” உடனே புரிந்துகொண்டார். அப்புறம், “அதை அப்படியே எழுத வேண்டியதுதானே” என்றார்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அங்கே தனியார் குடியிருப்புக் கட்டட அறிவிப்புகளைத் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு ஒரு மாதிரி தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்: ‘இந்தக் கட்டடத்தில் உள்ள வீடுகளை 3 மாதத்துக்குக் குறைவாகத் தங்கலுக்கு விடக் கூடாது.’