ஹைஃபைக்குத் தமிழ் என்ன?

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் உடன் வந்த பெண்மணி, "மண்டபம் ஹைஃபையாக இருக்கிறது" என்றார். குளிர்சாதனம், பளிங்குத் தரை, சரவிளக்கு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிட்டார். நெல்லைச் சீமையில் இன்று அச்சொல்லுக்கு அதுதான் பொருள்: பணம் கண்ணுக்குத் தெரிகிற நேர்த்தி. ஹைஃபையான பள்ளிக்கூடம், ஹைஃபையான ஹோட்டல், ஹைஃபையான சம்பந்தம். அந்தச் சொல் காதோடு பிறந்தது என்பதே மறந்துபோயிற்று. அதே வாரத்தில், ஸ்பீக்கர் பெட்டிகளைத் தன் கையால் செய்து பார்க்கும் என் அக்காள் மகன், "ஹைஃபைக்குச் சரியான தமிழ் என்ன மாமா?" என்று கேட்டான். முப்பது ஆண்டு இலக்கணம் நடத்தியவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ஃபிடெஸ் என்றால் நம்பிக்கை, சொன்ன சொல்லைக் காத்தல். அதிலிருந்து ஃபிடேலிடாஸ், அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போய் ஃபிடெலிட்டி ஆயிற்று. அரசனிடம் குடிகள் காட்டும் விசுவாசமும், மூலத்தோடு நகல் கொண்ட ஒப்புமையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். 1925-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும், காந்தத்தின் இடுக்கில் கம்பிச்சுருள் அசைந்து ஒலியெழுப்பும் ஸ்பீக்கரின் வடிவத்தை வெளியிட்டார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. அதையடுத்த ஆண்டுகளில் 'ஹை ஃபிடெலிட்டி' என்ற தொடர் பரவி, 1950-ஐ ஒட்டி 'ஹைஃபை' என்று குறுகியது. பிறகு விளம்பரக்காரர்கள் கையில் சிக்கி, கண்ட பெட்டிக்கெல்லாம் ஒட்டும் பட்டமாயிற்று. ஜெர்மானியர்கள் டின் 45500 என்ற தரநிலையை வகுத்து, இந்தப் பெயருக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதிகளை எண்களால் எழுதிவைத்தார்கள். (வைஃபை என்பது 1999-ல் ஹைஃபையின் ஓசையைப் பின்பற்றிச் சூட்டிய பெயர். அதை 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்று விரிப்பது பின்னால் ஒட்டவைத்த விளக்கம்.)

விசுவாசம் என்றால் யாரிடம் என்று கேட்கவேண்டும். ஸ்பீக்கரின் விசுவாசம் பதிவிடம். பதிவில் உள்ளது குறையாமல், கூடாமல், மாறாமல் காற்றில் எழுகிறதா என்பதுதான் ஹைஃபை கேட்ட கேள்வி. இனிமையாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி; விலை எவ்வளவு என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே சொல்லால் கேட்கப் பழகியதால் வந்த குழப்பத்தை நான் சொந்தமாகப் பட்டே தெரிந்துகொண்டேன்.

திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு கடை. அத்தான், மருமகன், நான் மூவரும் போயிருந்தோம். கடைக்காரர் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களில் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார். "கேட்டுப் பாருங்கள் அண்ணாச்சி, உங்கள் காது சொல்லும்." விலை கூடிய ஜோடி நிறைவாக ஒலித்தது. அத்தான் உடனே பணத்தைக் கட்டிவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் மருமகன் சொன்னான்: இரண்டாவது ஜோடிக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரரின் கை ஒலி அளவுக் குமிழைச் சற்றே திருப்பியது. ஒலி அளவின் அலகான டெசிபலில் ஒன்று கூடினாலும் காது பெரும்பாலும் அதை உரத்த ஒலி என்று பிரித்து உணராது. தெளிவு, நிறைவு, உயிர் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் வைத்துக் கேட்டபோது அந்த நிறைவு கிடைக்கவில்லை. பாடுகிறவரின் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. எங்கள் காதுகள் உண்மையைத்தான் சொல்லியிருந்தன, ஆனால் வேறு ஒரு கேள்விக்கு.

அளவையும் ரசனையையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டை போடுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எண்ணை நம்புகிறவர் ஒரு பக்கம், காதை நம்புகிறவர் மறுபக்கம். புறவயம், அகவயம் என்று பத்திரிகைத் தமிழ் இதைப் பிரிக்கிறது. ஆனால் நம் தருக்க மரபில் 'அளவை' என்ற சொல் முழக்கோலை மட்டும் குறிப்பதில்லை. ஒன்றை மெய்யாக அறியும் வழிக்கெல்லாம் அளவை என்றே பெயர். காட்சி, கருதல், உரை என்று எண்ணும்போது புலனால் நேரே அறியும் காட்சியே முதலில் நிற்கிறது. காதும் ஓர் அளவைதான். ஐயமும் திரிபும் நீங்கினால் மட்டுமே அது அளவை, அவ்வளவே. 'ஐயந்திரிபற' என்று பேச்சில் சொல்கிறோமே, அதன் முழுக் கனத்தோடு சொல்கிறேன்.

திரிபு நீக்கிக் கேட்பதைத் தொழிலாகவே செய்தவர் ஃபிளாய்ட் டூல். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் இருந்தபோது, 1980-களில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒலி அளவைச் சமமாக்கி, பெயரும் விலையும் தெரியாமல் மதிப்பெண் போடச் சொன்னார். பின்னர் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில் 40 பேர் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்தும், பார்க்காமலும் கேட்டார்கள். பார்த்துக் கேட்டபோது மதிப்பெண்கள் மாறின. திரைக்குப் பின்னால் நன்றாகத் தேறிய சிறிய, மலிவான ஸ்பீக்கர் கண்ணில் பட்டதும் கீழே இறங்கியது. 2003-ல் ஆலிவ் வெளியிட்ட இன்னொன்று என்னை வெகுநாள் யோசிக்கவைத்தது. பயிற்சியில்லாத 256 பேரும் பயிற்சி பெற்ற 12 பேரும் நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்டார்கள். விற்பனையாளர், விமர்சகர், மாணவர் என்று பலதரப்பினர். பயிற்சி பெற்றவர்கள் வேறுபாட்டை உறுதியாகப் பிரித்துச் சொன்னார்கள், மற்றவர்கள் தடுமாறினார்கள். ஆனால் எது மேல், எது கீழ் என்ற வரிசை பொதுவாக எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது. கண்ணை மறைத்தால் ரசனைகள் நாம் எண்ணுவதுபோல் ஆளுக்கு ஆள் சிதறிக் கிடக்கவில்லை. 2004-ல் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளிலிருந்து மட்டும் கேட்பவர் மதிப்பெண்ணை ஆலிவ் கணித்தார். முழுப் பொருத்தம் 1 என்றால் அவருக்குக் கிடைத்தது 0.86. ஆலிவ் வேலை பார்த்தது ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் என்பதையும் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். முறை திறந்து எழுதப்பட்டிருப்பதால் நான் அதை மதிக்கிறேன்.

எதை அளக்கிறார்கள்? எதிரொலி இல்லாத அறையில் ஸ்பீக்கரைச் சுற்றிப் பத்துப் பத்துப் பாகையாக, கிடையாக ஒரு சுற்று, செங்குத்தாக ஒரு சுற்று, மொத்தம் 70 இடங்களில் மைக் வைத்து, ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு வலுவோடு வருகிறது என்று பதிகிறார்கள். முன்னால் மட்டும் அளந்தால் போதாது; பக்கவாட்டில் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி நம் காதுக்கு வருகிறது. மருமகன் இதை வரைந்து காட்டியபோது எனக்குப் புணர்ச்சி இலக்கணம் நினைவுக்கு வந்தது. இரண்டு சொல் சேரும்போது எந்த மாற்றமும் இல்லாவிட்டால் இயல்புப் புணர்ச்சி: பொன்மலை. மாற்றம் வந்தால் அது மூன்றே வகை. பதிவு ஸ்பீக்கரைக் கடந்து காற்றோடு சேரும் இடத்திலும் அந்த மூன்றுதான் நடக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) ஒலியைக் கொடுத்தால், நாம் கொடுக்காத 100, 150 ஹெர்ட்ஸும் முளைத்து வருவது தோன்றல், வாழைப்பழத்தில் 'ப்' வந்ததுபோல. ஒரு பகுதி மேடாகவும் ஒரு பகுதி பள்ளமாகவும் வந்து குரலின் நிறமே மாறுவது திரிதல், பொற்குடத்தில் 'ன்' 'ற்' ஆனதுபோல. அடித்தொனி அடியோடு காணாமல் போவது கெடுதல், மரவேரில் 'ம்' போனதுபோல. கோடை மாதங்களில் அம்மன் கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் இருக்கிறதே, கூம்பு ஒலிபெருக்கி, அதில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. வில்லுப்பாட்டுக் குடத்தின் 'கும்' என்ற ஒலி மேடையோடு நின்றுவிடும். ஊருக்குக் கேட்பது அதன் 'டக்' மட்டுமே. (ஒலிபெருக்கி என்ற பெயரும் பொருந்தாத பெயர். ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். ஸ்பீக்கர் மின்னலையை ஒலியாக்குகிறது. அது தனிக் கட்டுரைக்குரியது.)

இனி, ரசனை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு உண்மையில் ரசனை? அக்காள் வீட்டுப் பட்டாசல், அதாவது கூடம், 12 அடி நீளம். தளக்கல் தரை, சிமெண்ட் சுவர், ஒரு பெஞ்ச், ஒரு பிரம்பு நாற்காலி. பேஸ் (அடித்தொனி) போதவில்லை என்று நானும், காதை அடைக்கிறது என்று அத்தானும் ஒரு மாலை முழுவதும் வாதாடினோம். அத்தான் பின்சுவரில் சாய்ந்திருந்தார்; என் நாற்காலி அறையின் நடுவில். மருமகன் இருவரையும் இடம் மாறி உட்காரச் சொன்னான். அடுத்த பாட்டில் நான் காதை அடைக்கிறது என்றேன். அத்தான் பேஸ் எங்கே போயிற்று என்றார். 12 அடி நீளத்துக்குள் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலியின் பாதி அலை சரியாகப் பொருந்துகிறது. அதனால் அந்த ஒலி சுவரோரம் திரண்டு, நடுவில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. பேஸ் கிதாரின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் பாட்டின் அடித்தளமே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ரசனை ஒன்றுதான். கேட்ட ஒலி இரண்டு. ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டால் அடித்தொனி மற்றவற்றைவிட அதிகமாக மங்குவதையும் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகத் தந்துவிட்டார்கள். இரவில் மெல்லக் கேட்பவர் பேஸைக் கூட்டுவது காதின் இயல்பைச் சேர்ந்தது.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை நான் முதலில் கேட்டது கல்யாண வீட்டுத் தென்னையில் கட்டிய குழாயில். அந்தக் கூர்மை, தூரத்திலிருந்து வயல் தாண்டி வரும் அந்தக் கம்மல், இப்போதும் எனக்கு வேண்டியிருக்கிறது. அது பதிவிடம் விசுவாசமான ஒலி அல்ல என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் வேண்டும்.

இதற்கும் நம் இலக்கணத்தில் இடம் இருப்பதைக் கண்டபோதுதான் மருமகனுக்குச் சொல்லப் பதில் கிடைத்தது. பிழையின்றி முறைப்படி அமைவது வழாநிலை. முறை தவறுவது வழு. முறைப்படி வழுவே என்றாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசு வீடு திரும்புவதைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது வகுப்பில் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு. அஃறிணை உயர்திணையாயிற்று, காரணம் உவப்பு. அம்மை என்று தாயை அழைக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். குழாய் நாகஸ்வரத்தை நான் விரும்புவதும் உவப்பினால் வந்த வழுவமைதி. வழாநிலை எது என்று தெரிந்தவனால்தான் வழுவமைதியை அடையாளம் காணமுடியும். தெரியாதவன் கையில் அது வெறும் வழு.

ஆகவே சொல். 'உயர்நம்பகம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வங்கிக் கணக்குபோல் இருக்கிறது. 'மெய்யொலி' அழகானதுதான், ஆனால் க், ங், ச் எல்லாம் மெய்யொலிகள். இலக்கணம் முன்பே எடுத்துக்கொண்ட பெயர். 'துல்லிய ஒலி' என்பது வழக்கில் இருக்கிறது. துல்லியம் துலாக்கோலோடு உறவுள்ள வடசொல், சமமானது என்பது அதன் அடிப்பொருள். அந்த வகையில் மிகவும் பொருத்தம். ஆனால் இன்று அது கூர்மை என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டதால், டிரெபிளை (உச்சத்தொனியை) தூக்கி வைத்த பெட்டியைத் துல்லியமானது என்று விற்கிறார்கள். என் தேர்வு 'வழாவொலி': மூலத்திலிருந்து வழுவாத ஒலி. வழாவொலி ஸ்பீக்கர், வழாவொலிப் பதிவு, இந்தப் பெட்டியின் வழாமை என்றெல்லாம் வாக்கியத்தில் தடையின்றி நிற்கிறது. மண்டபத்துக்கும் சம்பந்தத்துக்கும் ஹைஃபை என்பது அப்படியே இருக்கட்டும். அந்தப் பொருள் இப்போது தமிழருடையது.

வாங்குகிறவருக்கு என் கருத்து ஒன்று உண்டு. பெட்டி வழாநிலையில் இருக்கவேண்டும். வழுவமைதி குமிழில் இருக்கட்டும். பேஸ், டிரெபிள் குமிழைத் திருப்பியவர் மறுபடி திருப்பி வைக்கலாம். பெட்டிக்குள்ளேயே கட்டிவைத்த மேட்டை அந்தக் குமிழால் சரியாக இறக்க முடியாது.

கடையில் வாங்கிய ஜோடியையும் தான் செய்த ஜோடியையும் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாசலில் வைத்து, முன்னால் ஒரு மெல்லிய வேட்டியைக் குறுக்கே கட்டினான். ஒலி அளவைக் கைபேசியில் பார்த்துச் சமமாக்கினான். அக்காள், அத்தான், நான், பக்கத்து வளவிலிருந்து வந்த இரண்டு பையன்கள், ஐந்து பேரும் ஒரே நாற்காலியில் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்து கேட்டோம். நான்கு பேர் அவன் செய்ததைச் சொன்னோம். அத்தான் மட்டும் வேட்டியை விலக்கிய பிறகும் வாங்கியதே மேல் என்றார். இப்போது அந்த வீட்டில் ஒலிப்பது மருமகன் செய்த ஜோடி. ஆம்ப்ளிஃபையரில் அத்தானுக்காகப் பேஸ் குமிழ் இரண்டு கோடு தள்ளி நிற்கிறது. அந்தக் கோட்டுக்கு நேராகப் பென்சிலால் 'வழுவமைதி' என்று சின்ன எழுத்தில் எழுதிவைத்திருக்கிறான்.