ஆற்றல் நீதி: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘எனர்ஜி ஜஸ்டிஸ்’ என வழங்கும் தொடரைத் தமிழில் சிலர் ‘எரிசக்தி நீதி’ என்றும் சிலர் ‘ஆற்றல் நீதி’ என்றும் எழுதுகின்றனர். இரண்டில் எது பொருத்தமானது என்று பார்ப்பதற்கு முன், அது சுட்டும் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சமைக்கவும், விளக்கெரிக்கவும், நீர் இறைக்கவும், தொழில் நடத்தவும் வேண்டிய ஆற்றல் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். அதை உண்டாக்குவதால் விளையும் புகையும் சாம்பலும் நில இழப்பும் ஒரு சாரார் தலையில் மட்டும் விழக் கூடாது. எங்கே, எப்படி, யாருக்காக உண்டாக்குவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அதன் விளைவைச் சுமப்பவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். இம்மூன்று கோரிக்கைகளும் சேர்ந்தே அத்தொடரின் பொருளாகின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘எல்லாருக்கும் மின்சாரம்’ என்று சுருக்குவோர் உண்டு. மற்ற இரண்டும் கழன்றுவிட்டால் அதற்குத் தனிப்பெயரே தேவையில்லை.

‘எனர்ஜி’ என்பதன் மூலம் ‘எனெர்கெயா’ என்னும் கிரேக்கச் சொல். அதன் உள்ளே இருக்கும் ‘எர்கோன்’ என்பது வேலையை, செயலைக் குறிக்கும். அரிஸ்டாட்டில் அச்சொல்லைச் செயல்பாட்டில் இருக்கும் நிலைக்கு ஆண்டார். இயற்பியலில் இன்று நாம் கொள்ளும் பொருளுக்கு நெருக்கமாக அதைப் பயன்படுத்தியவர் தாமஸ் யங், 1807-இல் வெளிவந்த தம் விரிவுரைகளில். தமிழின் ‘ஆற்றல்’ இதே வழியில்தான் பிறந்திருக்கிறது. ஆற்றுதல் என்றால் செய்தல். பணியாற்றுதல், கடமையாற்றுதல், உரையாற்றுதல் என நாள்தோறும் வழங்குகிறோம். பொறுத்தல், தணித்தல் என்ற பொருள்களும் அவ்வினைக்கு உண்டு. ‘ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்’ என்னும் குறளில் வலிமை, பொறுத்தல் ஆகிய இரு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. செயலைச் செய்யும் திறம் என்பதே இயற்பியலிலும் ஆற்றலுக்குரிய இலக்கணமாதலால், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

‘எரிசக்தி’ அரசு வழக்கு. சென்னைக் கோட்டையில் உள்ள துறைக்கு எரிசக்தித் துறை என்றுதான் பெயர். செய்தித்தாள்களும் அதையே பின்பற்றுகின்றன. ஆயினும் அச்சொல் எரிப்பதால் கிடைக்கும் சக்தியையே சுட்டுகிறது. நிலக்கரி, எண்ணெய், விறகு ஆகியவற்றுக்கு அது முற்றிலும் பொருந்தும். காற்றாடியும் சூரியத்தகடும் அருவிநீரும் எதையும் எரிப்பதில்லை. எரிப்பதிலிருந்து விடுபடுவதைப் பற்றிப் பேசும் ஒரு கருத்துக்குள் எரியும் சொல்லை வைப்பது முரணாகத் தோன்றுகிறது. இலங்கையில் வழக்கு வேறு: அங்கே பாடநூல்களில் நம் ‘ஆற்றல்’ என்பதற்குச் ‘சக்தி’ என்பதும், நம் ‘திறன்’ (ஆங்கிலத்தில் ‘பவர்’) என்பதற்கு ‘வலு’ என்பதும் நின்றுவிட்டன, அரசு அலுவல்களில் ‘வலுசக்தி’ என்ற கூட்டுச்சொல் பயில்கிறது. அங்குள்ள வாசகர்க்கு எழுதுவோர் ‘வலுசக்தி நீதி’ என்று எழுதினால் அதைத் திருத்த வேண்டியதில்லை.

‘மின்நீதி’ என்று சுருக்கலாமே என்ற எண்ணமும் எழும். செவிக்கு அது இனியதுதான். ஆனால் அடுப்படி வெளியே போய்விடும். விறகுப் புகையை நாள்தோறும் மூச்சில் இழுக்கும் பெண்களின் நிலை இக்கருத்தின் நடுவில் இருப்பது. எனவே விரிந்த சொல்லான ஆற்றலே தக்கது. ‘ஆற்றல்மிக்க தலைவர்’ என்ற மேடை வழக்கால் குழப்பம் வரலாம் என்ற அச்சத்துக்கு இடமில்லை. பின்னால் வரும் நீதி அதைத் தெளிவாக்கிவிடும்.

‘நீதி’ வடசொல். நடத்திச் செல்லுதல் என்னும் வேரிலிருந்து ஒழுகும் நெறி என்ற பொருளில் வந்தது. பழந்தமிழில் இவ்விடத்தில் நின்ற சொற்களுள் ஒன்று ‘முறை’. அரசன் ‘முறை செய்தான்’ என்றால் நீதி வழங்கினான் என்பது பொருள். ‘முறையிடுதல்’ என்ற வினையில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. தனித்தமிழில் எழுத விரும்புவோர் ‘ஆற்றல் அறம்’ என்று ஆக்க முற்படலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறம் செய்பவரை நோக்கிய சொல்; செய்யாவிடில் அவருக்குப் பழி. நீதியோ, கிடைக்காதவர் எழுந்து நின்று கேட்கக்கூடியது. நீதிக்கட்சிக் காலம் முதல் ஒரு நூற்றாண்டாகத் தமிழ்நாட்டில் ‘சமூகநீதி’ என்ற சொல் ஏறிவந்த பாதை, நீதிக்கு அந்தக் கேட்கும் குரலைக் கொடுத்துவிட்டது. ஆகவே ‘ஆற்றல் நீதி’.

கருத்துக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. 1982-இல் வட கரோலினா மாநிலத்தின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதியில், நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொட்டிப் புதைக்க அரசு முனைந்தபோது மக்கள் லாரிகளை மறித்துப் படுத்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பதை யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதே முடிவுசெய்கிறது என்ற உண்மையை அப்போராட்டம் வெளிப்படுத்தியது. ‘சுற்றுச்சூழல் நீதி’ என்ற இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. மற்றோர் ஊற்று பிரிட்டன். வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது உள்ளிட்ட ஆற்றல் தேவைகளுக்கு வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் செலவிட வேண்டிய குடும்பத்தை ‘எரிபொருள் வறுமை’யில் இருப்பதாகக் கொள்ளலாம் என்று 1991-இல் ஆய்வாளர் பிரெண்டா போர்ட்மன் அளவுகோல் வகுத்தார். முன்னது ஒரு சாரார் தலையில் விழும் கேட்டைப் பேசியது. பின்னது ஆற்றல் கிட்டாத குறையைப் பேசியது. இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து, டேரன் மெக்காலே உள்ளிட்ட ஆய்வாளர் நால்வர் 2013-இல் எழுதிய கட்டுரை மூன்று கூறுகளாக வகுத்தது. அவற்றைப் பகிர்வு நீதி (நன்மையும் சுமையும் யாருக்கு), முறைமை நீதி (முடிவெடுப்பதில் யாருக்கு இடம்), ஏற்பு நீதி (யாரை ஒரு பொருட்டாகக் கொள்கிறோம்) எனலாம். மூன்றாவதை ‘அங்கீகார நீதி’ என்பது வழக்கம். ஆனால் அங்கீகாரம் என்றால் மேலிருந்து ஒருவர் முத்திரை குத்திக் கொடுப்பது போலாகிவிட்டதால் ‘ஏற்பு’ என்பதையே நான் விரும்புகிறேன்.

பகிர்வு நீதியில் தமிழ்நாடு பெயர் சொல்லாமலே நெடுந்தொலைவு போயிருக்கிறது. குடிசைகளுக்கு ஒரு விளக்கு இணைப்பு, 1990-இல் உழவர் அனைவருக்கும் விரிந்த இலவச மின்சாரம், 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் விலையின்றி வழங்கல் ஆகியவை எல்லாம் அவ்வகையின. சுமையின் பகிர்வுதான் கேள்விக்குரியது. எண்ணூரை அடுத்த செப்பாக்கத்தில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை ஊரை ஒட்டியே கிடக்கிறது. சாம்பலைக் கூழாக்கிக் கொண்டுசெல்லும் குழாய்கள் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைக் கடக்கின்றன. அவை கசியும்போது சாம்பல் அடியில் படிந்து, இறாலும் மீனும் பிடித்து வாழ்வோரின் வலையை வெறுமையாக்குகிறது. கோடையில் நகரத்தின் குளிர்சாதனங்கள் ஓடுவதற்கு அங்குள்ளவர் செலுத்தும் தொகை எந்த மின்கட்டணச் சீட்டிலும் அச்சாவதில்லை.

நிலக்கரியை விட்டுச் சூரியனுக்கு மாறினால் இது தானே தீரும் என்று எண்ணுவது எளிது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குப் புகைபோக்கி இல்லை, சாம்பலும் இல்லை. ஆனால் அது ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலத்தில் பரந்திருக்கும் தனியார் நிறுவனச் சொத்து. அதில் விளையும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறி மாநில மின்தொகுப்புக்கு (கிரிட்) போகிறது. இன்னொன்றும் கருதத்தக்கது. நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரிய, காற்று மின்நிலையங்கள் இடம்பெறவில்லை. அனல்மின் நிலையத்துக்குப் பெயரளவிலாவது கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அங்கே ஒலிபெருக்கியைப் பிடித்து நாலு வார்த்தை முறையிடலாம். தூய மின்சாரத்துக்கு அந்தக் கூட்டமும் இல்லை. தூய்மையும் நீதியும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் மின்கட்டணம் வருவாயைத் தின்றுகொண்டிருந்த நிலையில், அவ்வூராட்சி முதலில் மரக்கழிவை வாயுவாக்கி மோட்டாரை ஓட்டிப் பார்த்தது. பின்னர் 2006-இல், சேமிப்பிலிருந்து சுமார் 40 லட்சம் ரூபாயும் வங்கிக் கடனாக எஞ்சியதும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் பெயரிலேயே வாங்கியது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தனர். ஊராட்சித் தலைவராக இருந்த ஆர்.சண்முகத்தின் முனைப்பு இதில் பெரிது என்றாலும், சொத்து தனிமனிதருடையதாக ஆகாமல் ஊராட்சியின் பதிவேட்டில் இருந்ததே இதன் சிறப்பு.

இவ்விடத்தில் ‘உள்ளூர்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓடந்துறையின் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. அது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில் சுழல்கிறது. மின்சாரம் அரசின் கம்பிகள் வழியே கணக்கில் ஊருக்கு வந்து சேர்கிறது. கமுதி நிலையமோ கமுதியிலேயே இருக்கிறது. எது உள்ளூர் மின்சாரம்? இடத்தை வைத்துப் பார்த்தால் கமுதி. உடைமையையும் முடிவையும் வைத்துப் பார்த்தால் ஓடந்துறை. ஆற்றல் நீதி பேசுவோர் ‘உள்ளூர்’ என்னும்போது இரண்டாவதையே கொள்ள வேண்டும்.

அதைவிடச் சிக்கலானது, ஊரார் சேர்ந்து உடைமை கொள்ளும் மின்சாரத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரிலுள்ள ‘கம்யூனிட்டி’ என்பதன் பெயர்ப்பு. ‘சமூகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒருவரிடம் ‘நீங்க என்ன சமூகம்?’ என்று கேட்டால் அது எதைப் பற்றிய கேள்வி என்பது எல்லாருக்கும் தெரியும். ‘சமூக மின்சாரம்’ என்று ஒரு பலகை ஊர் எல்லையில் நடப்பட்டால், எந்தத் தெருவுக்கு என்ற கேள்வி உடனே வரும். அந்தக் கேள்வி நியாயமானதும்கூட: ஊர்ச்சொத்தென்று பெயர் பெற்ற குளமும் கிணறும் சேரிக்கு மறுக்கப்பட்ட வரலாறு நமக்குண்டு. ஏற்பு நீதி என்ற மூன்றாம் கூறு இங்கே வேலைசெய்கிறது. அம்மின்சாரத்தை நடத்தும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் யார் பெயர் இல்லை என்பதே அதன் முதற்கேள்வி. ஊராட்சியின் உடைமையாயின் ‘ஊர்ப்பொது மின்சாரம்’ என்றும், பங்கு செலுத்திய உறுப்பினரின் உடைமையாயின் ‘கூட்டுறவு மின்சாரம்’ என்றும் பிரித்து எழுதலாம். பின்னது நமக்குப் புதிதன்று. பால் கூட்டுறவுச் சங்கத்தை அறியாத ஊர் இல்லை. மின்சாரத்திலேயே, கர்நாடகத்தின் ஹுக்கேரியில் 1969-இல் பதிவான கூட்டுறவுச் சங்கம் வீடுவீடாக மின்விநியோகம் செய்துவருகிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் கரைக்கு அப்பால் 2000-இல் எழுந்த 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வைத்த கூட்டுறவினுடையவை.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இத்தகைய கூட்டுடைமைக்குச் சட்ட இலக்கணமே வகுத்தது. சேர்க்கை விருப்பத்தின் பேரில் எல்லாருக்கும் திறந்திருத்தல், கட்டுப்பாடு திட்டத்தின் அருகில் வாழும் உறுப்பினரிடம் இருத்தல், முதன்மை நோக்கம் இலாபமாக இராமை ஆகியவை அதன் சாரம். நம்மிடம் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, ஊரகத்தில் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி உள்ளூர் விநியோகத்தை நடத்த ஊராட்சிகள், பயனாளர் சங்கங்கள், கூட்டுறவுகள் ஆகியவற்றுக்குத் தேசியக் கொள்கை வகுக்கச் சொல்கிறது; 2019-இல் வந்த, உழவர்க்கான சூரிய மின் திட்டமான குசும் திட்டத்தின் முதற்பகுதி 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை ஊராட்சிகளும் கூட்டுறவுகளும் அமைக்க இடமளிக்கிறது. ஏட்டில் வழி இருந்தும் ஓடந்துறையைப் போல் நூறு ஊராட்சிகளின் பெயரை நாம் சொல்ல முடியவில்லை. முன்பணம் திரட்ட இயலாமையும், மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கணக்குப் பார்க்கும் ஆளின்மையுமே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

ஊர்ப்பொது என்ற பெயர் மட்டும் எதையும் காத்துவிடாது என்பதற்குப் பீகாரின் தர்னாய் சிற்றூர் சான்று. அங்கே 2014-இல் கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பை அமைத்துக்கொடுத்தது. திறப்புவிழாவுக்கு முன்னாள் முதலமைச்சர் ஒருவர் வந்தபோது ஊரார் சிலர் ‘அசல் மின்சாரம்’ வேண்டும் என்று குரல் எழுப்பினர். அசல் என்றது அரசின் கம்பியில் வருவதை. பெரிய கருவிகளை ஓட்ட முடியாத அளவும், அரசு மின்சாரத்தைவிடக் கூடுதலான விலையும் இருந்தால் அது நகல்தான் என்பது அவர்கள் தீர்ப்பு. விரைவில் அரசுக் கம்பி வந்தது. சூரியத் தொகுப்பு கைவிடப்பட்டது. பட்டணத்தானுக்கு முழு மின்சாரம், எங்களுக்கு மட்டும் எண்ணி எண்ணியா என்ற அவர்கள் கேள்வியும் ஆற்றல் நீதிக் கேள்விதான். ஆகையால் ஊர்ப்பொது மின்சாரம் என்பது பெருந்தொகுப்புக்கு மாற்றாக அன்றி, ஓடந்துறையைப்போல் அதனோடு இணைந்து, அதே விலைக்கும் அதே அழுத்தத்துக்கும் குறையாமல் நிற்க வேண்டும்.

இணைந்து நிற்கும் இந்த வழி நகரத்துக்கும் பொருந்தும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு; பெறுவதற்குப் பொதுவாகச் சொந்தக் கூரை வேண்டும். வாடகைக்கு இருப்பவரும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய (முந்தைய குடிசை மாற்று வாரிய) அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருப்பவரும் என்ன செய்வது? எங்கோ ஓரிடத்தில் பலர் சேர்ந்து சூரியத்தகடு அமைத்து, அதன் யூனிட்டுகளைப் பங்கு விகிதப்படி அவரவர் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறையை டெல்லி 2019-இல் அனுமதித்தது. ‘விர்ச்சுவல் நெட் மீட்டரிங்’ என்ற அதன் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘மெய்நிகர் நிகர அளவீடு’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. ‘பங்கு மின்கணக்கு’ என்று எழுதலாம்.